நாலாம் நம்பரில் பெரிய எழுத்து

நரிக்குடிக்கும் வீரசோழனுக்கும் நடுவில் இருக்கும் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்கிறேன். காலையில் திறந்து, தூசி தட்டி, பத்து கம்ப்யூட்டரையும் போட்டுவிட வேண்டும். சாயங்காலம் அணைத்துப் பூட்ட வேண்டும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அருப்புக்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் இருந்து கற்றுக்கொண்டதை நம்பித்தான் என்னைச் சேர்த்தார்கள். அதனால் ஒரு மவுஸ் பழுதானாலும், "படிக்காதவகிட்ட குடுத்தா இப்படித்தான்" என்று யாரோ சொல்வதுபோலக் காதில் விழும்.

பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? ஒருநாள் திரையில் நடிகர் படம் வைப்பார்கள், இன்னொரு நாள் திரையையே தலைகீழாகத் திருப்பிவிடுவார்கள். பொறுக்க முடியாமல் பழைய கடை முதலாளியை வரவழைத்து எல்லாவற்றுக்கும் பூட்டுப் போட்டேன்.

"இனி புள்ளைக என்ன கூத்தடிச்சாலும், அணைச்சுப் போட்டா பழையபடி வந்துரும். முக்கியமானத மாத்தணும்னா பாஸ்வேர்டு கேக்கும். நிம்மதியா இரும்மா" என்றார்.

ஒன்பது கம்ப்யூட்டர் சொன்னபடி கேட்டன. நாலாம் நம்பர் கேட்கவில்லை. மதியம் வீட்டில் சாப்பிட்டுத் திரும்பும்போதெல்லாம் அதில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவு. அம்புக்குறி வெண்டைக்காய்ப் பருமன். அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். மறுநாள் மதியம் மறுபடியும் அதே கோலம்.

யார் எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். சாப்பாட்டு மணிக்கு முந்தின பாடவேளை ஒன்பதாம் வகுப்பு. நாலாம் நம்பரில் வீரசோழனிலிருந்து வரும் பிள்ளை ஒருத்தி. அவளுடைய வாப்பா துபாயிலிருந்து லேப்டாப் அனுப்பியிருந்தார். பூட்டுப் போட்ட அன்றே, "அக்கா, இத எப்படித் தொறப்பாக?" என்று கேட்டவள். எனக்கு அது போதாதா?

எழுத்தைப் பெரிதாக்கவும் பாஸ்வேர்டு கேட்கும். அதை மூன்று முறை மாற்றினேன். புதியதை ஆசிரியர்களுக்கு மட்டும் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். வகுப்பில் அதை அடிக்கும்போது முந்தானையால் கீபோர்டை மூடிக்கொண்டேன்.

"என்னக்கா, கீபோர்டுக்குக் குளுருதா?" என்றாள் அவள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

மறுநாளும் எழுத்து பெரிதாகவே இருந்தது. நோட்டைத் தூக்கிக்கொண்டு தலைமையாசிரியையிடம் போனேன்.

"கண்ணால பாத்தியா?"

"பாக்கல டீச்சர். ஆனா நோட்டுல அவ பேருதான் இருக்கு."

அந்தப் பிள்ளையைக் கம்ப்யூட்டர் அறைக்குள் விடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரம் மாவட்டக் கம்ப்யூட்டர் போட்டிக்குப் போக வேண்டியவள் அவள். அந்தப் பட்டியலிலிருந்தும் பெயரை அடித்தார்கள். கம்ப்யூட்டர் வகுப்பு நடக்கும்போது வராண்டாவில் சன்னலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். மணி அடித்த பிறகும் அங்கேயே டிபன் டப்பாவைத் திறந்தாள். அழவில்லை. அதையும் நான் சந்தேகப்பட்டேன்: தப்புச் செய்யாதவள் அழமாட்டாளா?

அன்று மதியமும் நாலாம் நம்பரில் பெரிய எழுத்து.

முதலில் சன்னல் கம்பிக்குள் கையை விட்டு எட்டுகிறதா என்று பார்த்தேன். எட்டவில்லை. கூட்டாளி யாருக்காவது சொல்லிக்கொடுத்திருப்பாளோ என்று யோசித்தேன். மறுநாள் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகாமல், டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பீரோவுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன்.

கதவைத் திறந்துகொண்டு வந்தவர் தமிழய்யா.

சட்டைப் பையிலிருந்து நான் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்தார். சன்னல் வெளிச்சத்தில் மூக்கில் ஒட்டுமளவு பிடித்துப் படித்தார். நாலாம் நம்பர் முன்னால் உட்கார்ந்து ஒற்றை விரலால் பாஸ்வேர்டை அடித்து எழுத்தைப் பெரிதாக்கினார். பிறகு மார்க் ஏற்ற ஆரம்பித்தார். என் நோட்டில் அவர் பெயர் இல்லை. எந்த ஆசிரியர் பெயரும் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள் ஒரு ஐயாவிடம் நோட்டை நீட்டி, கையெழுத்துப் போடுங்கள் என்று எப்படிக் கேட்பாள்?

என் டப்பா மூடி விழுந்து உருண்டது. "யாரு?" என்று திரும்பினார். எழுந்து வந்து பத்தடி தூரத்தில் நேருக்கு நேராக நிற்கிறேன். என்னைத் தெரியவில்லை அவருக்கு.

"நாந்தான் ஐயா."

"ஆத்தா, நீயா? எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊருது. தெனமும் பெருசாக்கிட்டுப் போறேன், மறுநா வந்தா மறுபடியும் எறும்பாத்தான் இருக்கு. இதுல ஏதும் ரிப்பேரா?"

நான் போட்ட பூட்டுத்தான் ரிப்பேர் என்று எப்படிச் சொல்வது?

"யாருட்டயும் சொல்லிராதத்தா. முழுப்பரீச்ச லீவுல கண்ணு ஆபரேசன் பண்ணிக்கிருவேன். இப்பத் தெரிஞ்சா பத்தாம் வகுப்ப என்கிட்ட இருந்து எடுத்துருவாக."

வெளியே ஒரு பிள்ளை உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போனேன்.

"அந்த எழுத்தப் பெருசாக்குனது நாந்தான் டீச்சர். எனக்குத்தான் கண்ணு செரியாத் தெரியல. வெளிய சொல்லப் பயந்துட்டேன்."

தலைமையாசிரியை போட்டிப் பட்டியலை வெளியே எடுத்தார்கள். "உன் பேச்சக் கேட்டு ஒரு புள்ளய வெளிய ஒக்கார வச்சேன்ல? மொதல்ல அவளக் கூப்புடு. போட்டிக்கு அவ பேர எழுதணும். உன்னய என்ன செய்யன்னு பெறகு பேசிக்கிருவோம்."

அந்தப் "பெறகு" இன்னும் வரவில்லை. ஆபீஸ் பக்கமிருந்து யார் வந்தாலும் துணியை எடுத்து எதையாவது துடைக்க ஆரம்பித்துவிடுகிறேன்.

அன்று சாயங்காலம் நாலாம் நம்பரின் பூட்டைத் திறந்து, எழுத்தைப் பெரிதாக்கிவிட்டு மறுபடியும் பூட்டினேன். இனி எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பெரிய எழுத்துத்தான் வரும்.

மறுநாள் அந்தப் பிள்ளை அதன் முன்னால் வந்து உட்கார்ந்தாள். திரையைப் பார்த்தாள். மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "இனி ஐயாவுக்குச் செரமம் இல்லல்லக்கா?" என்றாள்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"சன்னலுக்குக் கீழதான ஒக்காந்திருந்தேன்."

"பெறகு ஏன்டி சொல்லல?"

"ஐயாவக் காட்டிக் குடுக்கச் சொல்றீகளா? சொன்னாலும் நீங்க நோட்டத்தான நம்புவீக."

அவள் போன பிறகு, வேறு எதையாவது மாற்றியிருப்பாளோ என்று நாலாம் நம்பரை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்தேன்.