ரெஜி அண்ணன் காட்டிய வடக்கு

இதுவரை வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும்.

கொட்டாஞ்சேனை ரெஜி அண்ணன் இறந்துவிட்டார். நேற்று அடக்கம். நானும் போயிருந்தேன்.

நம்முடைய இந்த அமெச்சூர் ரேடியோ குழு முழுக்க மெழுகுதிரிப் படங்கள். "எங்கள் எல்லோருடைய டவரையும் தூக்கி நிறுத்திய கை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மைதான். என்னுடையதையும் அந்தக் கைதான் நிறுத்தியது... அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

புதியவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், உயரத்துக்குப் பயமில்லாதவர். கொழும்பில் யாராவது வீட்டு மொட்டைமாடி ஸ்லாப்பில் அன்டெனா வைக்க நினைத்தால், இடுப்புப் பட்டியும் கயிறுமாக வந்து நிற்பார்.

வெள்ளவத்தையில் என் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தார். டவர், அதன் உச்சியில் ஒரு பக்கம் மட்டும் பார்க்கும் பீம் அன்டெனா, அதைத் திருப்ப ஒரு ரொட்டேட்டர். அறையில் இருக்கும் பெட்டியில் எந்தத் திசையை வைக்கிறோமோ, மேலே அன்டெனா அந்தப் பக்கம் திரும்பும்.

அதற்கு முதலில் ஒருவர் மேலே ஏறி, வடக்கு எது என்று சரியாகப் பார்த்து இறுக்க வேண்டும். அந்த ஒரு வேலை...

ரெஜி அண்ணன் டவரில் தொங்கிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து திசைகாட்டியை எடுத்தார். அத்தனை இரும்புக்குப் பக்கத்தில் பிடித்தால் முள் எங்கே வடக்கைப் பார்க்கும்? இரும்பைத்தான் பார்க்கும்.

நான் கீழே நின்று சொன்னேன். "ரெஜி அண்ணன், எங்கட லேன் நேரா கடலுக்குப் போகுது. லேனைப் பார்த்து மேற்கை வையுங்கோவன். இது கோணலா நிக்குது."

"ஐசே, நீர் புத்தகத்தில படிச்சனீர். நான் கப்பல் கம்பத்தில ஏறினவன். எனக்கே வடக்குக் காட்டப் போறீரோ?"

கயிறு பிடித்து நின்ற நம் குழுவினர் மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அங்கே அடங்கிப் போனது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஐரோப்பாவில் ஒருவருக்கும் என் குரல் ஒழுங்காகக் கேட்கவில்லை. கேபிளை மாற்றினேன், ரேடியோவை மாற்றினேன். கடைசியில் எனக்குத்தான் கைராசி இல்லை என்று நினைத்தேன்.

ஞாயிறு காலைகளில் எல்லோரும் ஒரே அலைவரிசையில் கூடுவோமே, அங்கே முதல் ஆளாக ரெஜி அண்ணன் என்னைக் கூப்பிடுவார். "வெள்ளவத்தை! இந்தக் கிழமை எத்தனை நாடு பிடிச்சீர்? இன்னும் தெஹிவளை தாண்டேல்லையோ?"

தெஹிவளை எனக்கு அடுத்த ஊர். மைக்கை அமத்தி அமத்திச் சிரிப்பார்கள். இதை வாசிக்கும் சிலரும் அதில் உண்டு.

ஒரு மாலை ரொட்டேட்டரை மேற்கில் விட்டுவிட்டு ஸ்லாப்புக்கு ஏறினேன். லேன் முடிகிற இடத்தில், கடலில் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

என் அன்டெனா சூரியனைப் பார்க்கவில்லை. தெஹிவளைப் பக்கமாகத் திரும்பி நின்றது.

நானே ஏறித் திருப்பி இறுக்கினேன். அதே கிழமை ஜெர்மனி பதில் சொன்னது. அடுத்த நாள் இத்தாலி.

ஞாயிற்றுக்கிழமை எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். "ரெஜி அண்ணன், என்ட டவர்ல வடக்குப் பிழையா வைச்சிருந்தது. நாப்பது பாகை."

எனக்கு வேண்டியிருந்தது ஒரு வார்த்தை. "ஓம், என்ட பிழை." அவ்வளவுதான். சிரித்தவர்கள் முன்னால், ஒரே ஒரு தடவை.

ரெஜி அண்ணன் மைக்கை அமத்தினார். "நட்டை நீர் ஒழுங்காப் பார்க்கேல்ல. காத்துக்குச் சுத்தியிருக்கும். நான் வைச்சது வைச்சதுதான். சரி, வேற ஸ்டேஷன் ஆரும்?"

அன்றோடு நான் நட்டு இறுக்கத் தெரியாதவன் ஆனேன். ஞாயிறு காலைகளில் ரேடியோவைத் தொடுவதையும் விட்டேன். ஏழு வருஷம்... ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நேற்று மாதா கோவில் வாசலில் மாளிகாவத்தை நஸீர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் வீட்டு டவரும் ரெஜி அண்ணன் போட்டதுதான்.

"என்ன மனிசன் தெரியுமா... நீங்க ரெண்டு பேரும் ரேடியோல கொளுவின அடுத்த கிழமையே எங்கட ஊட்டுக்கு வந்தார். நான் கூப்பிடவும் இல்ல. சும்மா சர்வீஸ் எண்டு சொல்லி, மேல ஏறி வடக்கைத் திரும்ப வச்சிட்டுத்தான் போனார். எல்லார்ட ஊட்டுக்கும் போயீக்கார்."

"திசைகாட்டி வைச்சுப் பார்த்தவரோ?" என்று கேட்டேன்.

"இல்ல இல்ல. இந்த முறை பள்ளிவாசல் மினாராவப் பாத்து. மெப்ல கோடு கீறி எடுத்திட்டு வந்தார்."

அப்படியென்றால் அந்த ஞாயிறு நான் சொன்னது அவருக்கு விளங்கியிருக்கிறது. ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கித் தன் பிழையைத் திருத்தியிருக்கிறார். என் வீட்டு வாசலுக்கு மட்டும் வரவில்லை.

எனக்கு ஒரு ஃபோன்கூட எடுக்கவில்லை.

"தங்கமான மனிசன்" என்றார் நஸீர். சவப்பெட்டியை வெளியே கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். "ஓம்" என்றேன்.

விடைபெறும்போது நாங்கள் செவன்டி த்ரீ என்போம், நல்வாழ்த்து என்று அர்த்தம். நேற்று எல்லோரும் அவருக்கு அதைச் சொன்னார்கள். எனக்கு வாய் வரவில்லை. இன்றும் வரவில்லை.

போய் வாருங்கள், ரெஜி அண்ணன்.

கோல் சைன், அதாவது அவரவருக்குக் கொடுத்த அடையாளக் குறியீடு, சொல்லாமல் காற்றில் பேசுவது எங்களிடம் குற்றம். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அதைச் செய்ததில்லை.

இதை யார் எழுதியது என்று இந்தக் குழுவில் எல்லோருக்கும் விளங்கும். விளங்கட்டும். பெயர் போடவில்லை, கோல் சைனும் போடவில்லை.