டிராயரில் பூட்டி வைத்த முடிவு

பயிர்களின் வேரைத் தாக்கும் நூற்புழுக்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, அவை எந்த இனம் என்று சொல்வது டெல்லி ஆய்வகம் ஒன்றில் என் வேலை. பதினைந்து வருடங்களாக நான் சொன்னதுதான் முடிவு. பிறகு மதுரையிலிருந்து கலைச்செல்வி வந்தாள். புழுவின் டி.என்.ஏ.வை வைத்தே இனத்தைக் கண்டுபிடிப்பாள். அதிகாரி என் மேசைப் பக்கம் வருவதே நின்றுபோனது. எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள், முடிச்சு முடிச்சாக வீங்கிய நெல் வேர்களுடன் ஒரு விவசாயி வந்து, அடுத்து என்ன விதைக்கலாம் என்று கேட்டார். அவளை முந்த வேண்டும் என்ற அவசரத்தில் ஒரே ஒரு ஸ்லைடைப் பார்த்துவிட்டு, "காய்கறியைத் தாக்கும் புழு, கோதுமை போடலாம்" என்று இந்தியில் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள், அதே வேர்களைச் சோதித்திருந்த கலைச்செல்வி ஒரு தாளை நீட்டினாள். "அக்கா, இது நெல்லு, கோதுமை, புல்லு எல்லாத்தையும் தாக்குற புழு. அவர்ட்ட சொல்லிருங்க."

"உன் மெஷின் சொன்னா அதுதான் வேதமா?" என்று அதை டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

இரண்டு நாள் மனம் உறுத்தியது. மிச்சமிருந்த வேர்களில் ஆறு ஸ்லைடு போட்டுப் பார்த்தேன். அவள் சொன்னதே சரி. பதறிப்போய் விவசாயிக்கு ஃபோன் செய்தேன்.

"அச்சா மேடம்ஜி, டிராக்டர் ரிப்பேர். நாளைக்குத்தான் விதைப்பு" என்றார். எனக்கு உயிர் வந்தது. அந்தப் புழு அதிகம் தாக்காத கடுகை விதைக்கச் சொன்னேன்.

கலைச்செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ரெண்டு நாளா பூட்டியா வச்சிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போது இருவரும் பார்த்துக் கையெழுத்திடாமல் எந்த முடிவும் வெளியே போவதில்லை. அதிகாரி அவளைப் பாராட்டும்போது இன்றும் சுருக்கென்கிறது. ஆனாலும் முதல் கையெழுத்தை அவளையே போடச் சொல்கிறேன்.

– ஒரு வாசகி, துவாரகா