தனியாகப் போனால் அண்ணன், மனைவியோடு போனால் சந்தேகம்

என் கையெழுத்தோடு வாரா வாரம் மல்லுக்கட்டும் பத்திரிகை நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இந்த வாரம் கோபத்தில் வேறு எழுதுகிறேன். பிழை ஜாஸ்தியாகவே இருக்கும்.

போன வாரம் சிதம்பரத்தில் என் மனைவி செல்விக்குக் கண் ஆபரேஷன். மதியமே முடிந்துவிட்டது. கட்டுப் பிரிக்க மறுநாள் காலை வரச் சொன்னார்கள். அதுவரை பஸ்ஸில் குலுங்கக் கூடாதாம். எங்கள் வீடோ கடலூர் செம்மண்டலத்தில். சரி, ஒரு ரூம் போடுவோம்.

லாட்ஜ் எனக்குப் புதிதா என்ன? மிக்ஸி, கிரைண்டர் ஸ்பேர் பார்ட்ஸ் ஆர்டர் பிடிக்கச் சிதம்பரம் போகும்போதெல்லாம் ஒரே லாட்ஜில்தான் தங்குகிறேன் - பதினோரு வருஷமாக. என் பையைப் பார்த்ததுமே மேனேஜர் சாவியை நீட்டுவார். கூட ஒரு சேல்ஸ்மேன் வந்தாலும் கேள்வி கிடையாது.

அன்றைக்கு இரண்டு ஆதார் கார்டையும் வாங்கி உற்று உற்றுப் பார்த்தார்.

“அண்ணே, அவுங்க கார்டுல அப்பா பேருல்ல இருக்கு? அட்ரஸும் குடிகாடு...”

ஆதார் எடுத்த சமயம் அவள் பிறந்த வீட்டில் இருந்தாள்; அப்புறம் மாற்றவில்லைதான். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டது நான்தான்.

“ரெண்டும் இந்த ஜில்லா ஐடி, ஆனா வேற வேற அட்ரஸ்னா ஜோடிக்கு ரூம் குடுக்கக் கூடாதுண்ணே. ஓனர் ரூல்ஸ். கல்யாண போட்டோ எதுனா ஃபோன்ல இருக்கா?”

இருபத்தாறு வருஷத்துக்கு முந்தைய போட்டோ ஃபோனில் எப்படி இருக்கும்? எதிர்த்துப் பேசுவது என் சுபாவமில்லை. சோபாவில் இருந்த இரண்டு பேர் பேப்பரை இறக்கிவிட்டு எங்களையே பார்த்தார்கள்.

ஒற்றைக் கண் கட்டோடு நின்ற செல்விதான் பேசினாள். “தம்பி, ஓடி வரதா இருந்தா இன்னும் கொஞ்சம் நல்ல ஆளா பாத்துப் புடிச்சிருக்க மாட்டேனா?”

மேனேஜர் சிரித்தார். சாவியை மட்டும் எடுக்கவில்லை. “கோச்சுக்காதீங்கண்ணே... ஒங்க பொண்ணுக்கு ஒரு வீடியோ கால் போடுங்க. ‘எங்க அம்மாதான்’னு அது சொன்னா போதும்.”

கட்டிக்கொடுத்த பெண்ணை, அவள் மாமியார் வீட்டில் நாலு பேர் முன்னால், பெற்றவளுக்குச் சாட்சி சொல்லக் கூப்பிடுவதா? கார்டுகளைப் பிடுங்கினேன்.

“பதினோரு வருஷமா என்னை ஒண்ணும் கேக்கலையே... எம் பொண்டாட்டிய மட்டும் ஏன்யா கேக்கற?”

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அடுத்த தெருவில் ஒரு பழைய விடுதி. கவுண்டரில் இருந்த பாய் கண் கட்டைப் பார்த்ததும் கேட்டது ஒன்றுதான். “மாடி ஏறுவாங்களா, கீழ ரூம் தரவா?” கார்டு, ரெஜிஸ்டர் எல்லாம் அவள் படுத்த பிறகுதான்.

ரூல்ஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தப்புப் பண்ண வருகிறவன் எல்லாப் பேப்பரையும் சரியாகத்தானே கொண்டு வருவான்? மாட்டுவது யார்? எங்களைப் போல மாற்ற மறந்தவர்கள்தான்.

வீடு திரும்பியதும், “நாளைக்கே ஒன் கார்டை மாத்திடலாம்” என்றேன்.

“எங்கப்பா பேரு இருந்துட்டுப் போவட்டும். மொதல்ல அந்த லாட்ஜ் நம்பர ஃபோன்லேந்து தூக்குங்க.”

தூக்கிவிட்டேன்.

எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாள் யோசித்து, எழுதியேவிட்டது: ஐப்பசி பத்து, ஞாயிற்றுக்கிழமை.