தறி நின்னப்ப கேட்ட ‘ம்’

பேய், காத்து, கருப்புன்னு யாராவது ஆரம்பிச்சா நான் எந்திரிச்சுப் பாத்திரம் கழுவப் போயிருவனுங்க. வேலை இல்லாதவங்க பேச்சுன்னுதான் இத்தனை வருசமும் இருந்தேன். இப்ப நானே எழுதறதுக்குக் கூச்சமா இருக்குது. நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம், எனக்கு நடந்தது இதுதான்.

எங்களுக்கு ஊரு இளம்பிள்ளைப் பக்கம். ஊட்டை ஒட்டி நாலு விசைத்தறி ஓடுது, எதுத்தாப்புல எட்டு. அந்தச் சத்தத்துலதான் திங்கறோம், தூங்கறோம். சத்தம் நின்னாத்தான் எங்களுக்குத் திக்குங்கும்.

என்ற மக கோமதி, கம்ப்யூட்டர்ல விளையாடற பேய் விளையாட்டுக்கு மியூசிக் போடறவ. பெங்களூர் கம்பெனி, ஊட்டுல இருந்தே வேலை. ஒருக்கா எனக்குப் போட்டுக் காட்டுனா. அலறல் ஒண்ணும் இல்லைங்க, தாலாட்டு மாதிரி மெதுவாப் போகுது, நடுவுல நின்னுருது, மறுபடி எப்ப வருமோன்னு எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிச்சு.

"இதுக்கா உன்னையப் படிக்க வெச்சேன்?"

"கரப்பானுக்கே ஊரைக் கூட்டறவ நீ, பேசாத" ன்னு சிரிச்சா. அப்பறம் சொன்னா: "கத்திப் பயமுறுத்துனா அப்பவே மறந்துருவாங்கம்மா. கேட்டுப் பழகுன பாட்டா இருக்கோணும், அதுல ஒண்ணு கொறையோணும். அந்தக் கொறைஞ்ச எடத்துக்குக் காது காத்துட்டே கெடக்கும். விளையாட்டை மூடுனாலும் உடாது."

மாசம் ஒருக்கா பகல்ல கரண்டை நிறுத்துவாங்கல்ல, அப்படி ஒரு நாளு எல்லாத் தறியும் நின்னு ஊரே கப்சிப்புன்னு ஆயிருச்சு. இதுதான் சமயம்னு மைக்கையும் லேப்டாப்பையும் தூக்கிட்டு வந்துட்டா, விளையாட்டுல சேக்கறதுக்கு நான் தாலாட்டுப் பாடோணுமாம்.

"எனக்கென்ன தெரியும், போ சாமி."

"எனக்குத்தான் ஒருநாளும் பாடலை. மைக்குக்காவது பாடும்மா."

அந்தப் பேச்சு சுருக்குனு இருந்துச்சு. கண்ணை மூடிட்டுப் பாடிட்டேன்.

கோமதி பொறக்கறதுக்கு முன்னால எனக்கு மூத்தவ ஒருத்தி இருந்தாளுங்க, செல்வி, மூணு வயசு. அவளுக்குன்னு நானே இட்டுக்கட்டுன பாட்டு அது. கதைக்குக் கொட்டற மாதிரி பாட்டுக்கும் ‘ம்’ கொட்டுவா. அடிக்கு அடி நான் நிறுத்தோணும், அவ ‘ம்’ சொன்னாத்தான் அடுத்த அடி. ‘ம்’ நின்னா தூங்கிட்டான்னு அர்த்தம். காச்சல்ல கெடந்த அன்னிக்கும் மடியில போட்டுப் பாடுனேன். பாதியிலயே ‘ம்’ நின்னுச்சு. தூங்கிட்டான்னு தொட்டில்ல போட்டுட்டுத் தறிக்குப் போயிட்டேன். திரும்பி வந்து தொட்டா சில்லுன்னு கெடந்தா. அந்த ‘ம்’ நின்ன கணக்கை என்ற ஊட்டுக்காரருகிட்டக்கூட சொன்னதில்லைங்க. அப்பறம் பாடுனதும் இல்லை.

மைக்குல பாடறப்பவும் பழக்கத்துல எடம் உட்டு உட்டுத்தான் பாடியிருக்கறேன். கோமதி ஹெட்போனை மாட்டிக் கேட்டவ என்னையத் திரும்பிப் பாத்தா.

"எடையில எதுக்கும்மா ‘ம்’ சொன்ன?"

"நான் எங்க சொன்னேன்?"

என்ற காதுல மாட்டி உட்டா. மொத அடி முடிஞ்சுது, ‘ம்’. ரெண்டாவது அடி, ‘ம்’. மூக்கடைச்ச கொழந்தை சொல்ற மாதிரி, கிட்டத்துல.

"பக்கத்து ஊட்டுக் கொழந்தையா இருக்கும்" ன்னா. பக்கத்து ஊட்டுல கொழந்தையே இல்லைன்னு அவளுக்கும் தெரியும். இன்னொருக்கா போட்டுக் கேட்டுட்டு, "இதை அப்படியே அனுப்புனா விளையாடறவங்க ஜென்மத்துக்கும் மறக்க மாட்டாங்கம்மா" ன்னு மெதுவாச் சொன்னா.

அப்பத்தான் அவகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். "அது உங்கக்கா, சாமி. ஊராருக்கு அவளைப் பேயாக் காட்டிராத."

கோமதி கம்பெனிக்கு வேற ஏதோ பண்ணி அனுப்பிட்டாளுங்க. இதை அழிக்கட்டுமான்னு கேட்டா, எனக்கு மனசு வரலை. கடைசி வரைக்கும் ஒருக்கா கேட்டுர்றேன்னு வாங்கி மாட்டிக்கிட்டேன். எங்கயாவது ஒரு எடத்துல ‘ம்’ நின்னு, அவ தூங்கிட்டான்னு தெரிஞ்சாப் போதும்னு இருந்துச்சு.

நிக்கலைங்க. கடைசி அடியும் முடிஞ்சு, நான் மூச்சு உட்டுட்டு எந்திரிச்ச சத்தமும் கேக்குது. அதுக்கப்பறமும் ‘ம்’.

இப்பவும் பகல்ல கரண்டு போயி தறி நின்னா அந்த ‘ம்’தான் காதுக்குள்ள வருது. இன்னும் முழிச்சுட்டு அடுத்த அடி கேக்கறா. அதுக்கு மேல பாட்டு எனக்குத் தெரியாதுங்க.