பஞ்சர் கடைச் சுரேயா

லிப்ராதோவின் பஞ்சர் கடைச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு பறவை ஓடிக்கொண்டிருக்கும். நீல உடம்பு, நெட்டைக் கழுத்து, காலுக்குப் பின்னால் புழுதி, முகத்தில் ஊரையே ஏய்த்துவிட்ட சிரிப்பு. டெலிவிஷன் கார்ட்டூனில் வருகிற பறவை அது. நரி அதை ஆயுசு முழுக்கத் துரத்தும், பிடிக்கவே பிடிக்காது. எர்மோசியோ நெடுஞ்சாலையில் போகிற லாரிக்காரர்கள் அந்தப் படத்தைப் பார்த்து ஒரு ஹாரன் அடித்துவிட்டுத்தான் இறங்குவார்கள்.

"நிஜப் பறவை எங்கண்ணே?" என்று கேட்பவர்களுக்கு லிப்ராதோ பழைய டயர்க் குவியலைக் கைகாட்டுவான். அங்கே காலை வெயிலுக்கு முதுகைக் காட்டி, இறகைச் சிலுப்பிக்கொண்டு, புழுதி நிறத்தில் ஒன்று நின்றிருக்கும்.

"இதுவா? குளிக்காத கோழி மாதிரியில்ல இருக்கு."

"நீ மட்டும் டிவில வர்ற ஆளு மாதிரியா இருக்கே?" என்பான் லிப்ராதோ.

சொனோராப் பாலைவனத்து ஜனங்கள் அதைச் சுரேயா என்பார்கள். கார்ட்டூன் போட்டவன் பாலைவனத்துப் பக்கமே வந்திருக்க மாட்டான் என்பது லிப்ராதோவின் கட்சி. நிஜ நரி நினைத்தால் நிஜச் சுரேயாவை நாலே பாய்ச்சலில் பிடித்துவிடும். போன வருஷம் இதன் ஜோடியைப் பிடித்தது. கள்ளிப் புதரடியில் இறகு மட்டும்தான் மிஞ்சியது. சுரேயா ஓடுவதும் பெரும்பாலும் தப்பிப்பதற்கு அல்ல, தின்பதற்கு. ஓணான், தேள், குருவிக் குஞ்சு, பாம்பு, எதையும் விடாது. பாம்பு நீளமாக இருந்தால் பாதியை விழுங்கிவிட்டு, மீதியை அலகில் தொங்கவிட்டுக்கொண்டு மத்தியானம் முழுக்கத் திரியும். இதைப் படமாகப் போட்டால் எந்தக் குழந்தை சோறு தின்னும்?

லிப்ராதோவின் இடது கையில் ஆள்காட்டி விரல் கிடையாது. கடை போட்ட புதிதில், டயருக்குள் கைவிட்டபோது, வாலை ஆட்டிக் கிலுக்குகிற கிலுகிலுப்பைப் பாம்பு கொத்திவிட்டது. உயிர் தங்கியது, விரல் தங்கவில்லை. டயர்க் குவியலின் நிழல் பாம்புக்குத் தாய் வீடு மாதிரி. பிறகு எங்கிருந்தோ இந்தச் சுரேயா வந்து பின்னாலிருந்த முள்ளுக்கள்ளியில் கூடு கட்டிக்கொண்டது. பாம்பைக் கண்டால் அலகை அடித்துக் கடகடவென்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டால் லிப்ராதோ கையை இழுத்துக்கொள்வான். அதற்குப் பிறகு அவனை எதுவும் கடித்ததில்லை.

அந்தச் சுரேயாவைத்தான் இப்போது அவனே பிடித்துக் கம்பிப் பெட்டிக்கு அடியில் கவிழ்த்து, மேலே ஒரு லாரி ரிம்மைத் தூக்கி வைத்திருந்தான்.

எல்லாம் அவன் மனைவி நியேவெஸின் இருமலால் வந்தது. குளிரில் பிடித்த இருமல் சித்திரை வெயில் வந்தும் விடவில்லை. அன்று காலை அவள் மறைத்து வைத்த துணியில் ரத்தம் இருந்ததை லிப்ராதோ பார்த்துவிட்டான். நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சினான், கத்தினான். அவள் அசையவில்லை.

"எங்கம்மா அந்த ஆஸ்பத்திரிக்கு நடந்து போனா, பெட்டியில வந்தா. எங்கப்பாவுக்கும் இதே இருமல்தான். சுரேயா சூப்புக் குடிச்சாரு, அதுக்கப்புறம் எத்தன வருஷம் மாடு மேய்ச்சாரு! மொதல்ல சூப்பு. அப்புறம் நீ எங்க கூப்பிட்டாலும் வர்றேன், கிழவா."

நியேவெஸின் அக்கா சாயோ ஊரிலிருந்து வந்து, அடுப்பில் தண்ணீரையும் கொதிக்க வைத்துவிட்டாள். அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு நெஞ்சு நோவு என்றால் சுரேயா சூப்புதான். அதைத் தாண்டி மருந்து உண்டென்று சொன்னால், மரியன்னை மேல் சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள்.

"இன்னும் அறுக்கலையா?" சாயோ கடையை ஒட்டின வீட்டு வாசலில் வந்து நின்றாள். "ஒரு பறவைக்கு இவ்ளோ யோசன. என் தங்கச்சிக்கு யோசிச்சியா நீ?"

"அறுக்கறேன் மதினி."

"அறுக்கறேன் அறுக்கறேன்னா? கத்தி கையில இருக்கு, பறவ பெட்டியில இருக்கு. நான் வந்து உன் கையப் பிடிச்சு இழுக்கணுமா?"

உள்ளே நியேவெஸ் இருமத் தொடங்கினாள். விடாமல் இருமினாள். லிப்ராதோ பெட்டிக்கு முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தான். சுரேயா கொண்டையைத் தூக்கி அவனைப் பார்த்தது. ரிம்மில் கை வைத்தான்.

அந்த நேரம் பார்த்து ஒரு தக்காளி லாரி காற்றுப்போன சக்கரத்தோடு வந்து நின்றது. டிரைவர் தடித்த ஆள், சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இறங்கினான்.

"ஸ்டெப்னியும் போச்சுண்ணே. பழைய டயரு ஒண்ணு குடு, சரக்கு அழுகிடும்."

இந்தக் காரியம் கொஞ்சம் தள்ளிப்போனதில் லிப்ராதோவுக்கு நிம்மதிதான். எழுந்து போனான். குவியலின் அடியில் அந்த அளவுக்குச் சரியான டயர் ஒன்று கிடந்தது. குனிந்து கையை நீட்டினான்.

முதுகுக்குப் பின்னால், பெட்டிக்குள்ளிருந்து, கடகடவென்று சத்தம்.

நீட்டிய கை அப்படியே நின்றது. டயருக்குள் இருட்டு. அந்த இருட்டு லேசாக அசைந்தது. முழங்கை நீளம்கூட இல்லாத குட்டிப் பாம்பு, வால் கிலுகிலுப்பை இன்னும் முற்றாதது, எச்சரிக்கைகூடச் செய்யாது. தலை அவன் கைக்கு நேரே இருந்தது. விஷத்தில் குட்டி, தாய் என்ற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது.

"அசையாதண்ணே," என்றான் டிரைவர், குரலே இல்லாமல்.

லிப்ராதோ கையை அங்குலம் அங்குலமாகப் பின்னால் இழுத்தான். ஆள்காட்டி விரல் இருந்த இடம் விண்விண்ணென்று தெறித்தது. பின்னாலேயே நடந்து போய், ரிம்மை உருட்டிவிட்டு, பெட்டியைத் தூக்கினான்.

"போச்சு, ஓடிரும்!" டிரைவர் கத்தினான்.

கார்ட்டூன் பறவையாக இருந்தால் ஓடியிருக்கும். சுரேயா டயரைப் பார்த்து நடந்தது. சிறகை விரித்துப் பாம்புக்குக் காட்டியது. பாம்பு வெளியே வந்து கொத்தியது. சிறகுதான் அங்கே இருந்தது, பறவை இல்லை. மறுபடி கொத்தியது. மறுபடியும் காற்று. மூன்றாவது கொத்து நெஞ்சுக்கு அவ்வளவு பக்கத்தில் போனது, லிப்ராதோ கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது பாம்பின் தலை அலகில் இருந்தது. சுரேயா அதை இழுத்து வந்து, இதுவரை தன்னை அமுக்கி வைத்திருந்த அதே ரிம்மில் ஓங்கி ஓங்கி அடித்தது. பிறகு விழுங்கத் தொடங்கியது. வால் வெளியே ஆடிக்கொண்டிருக்க, கள்ளிப் பக்கம் போய்விட்டது.

டிரைவர் சுவரில் சிரிக்கிற நீலப் பறவையை ஒரு தரம் பார்த்தான்.

டயரை மாட்டி லாரியை அனுப்பிவிட்டு, லிப்ராதோ கோழிக்கூட்டைத் திறந்தான். வயசான கறுப்புக் கோழி ஒன்றை எடுத்து அறுத்து, இறகு பிடுங்கி, அடுப்படிக்குக் கொண்டுபோனான். சாயோ அதை வாங்கிப் புரட்டினாள். சுரேயாவின் காலில் முன்பக்கம் இரண்டு விரல், பின்பக்கம் இரண்டு. இந்தக் காலில் முன்பக்கம் மூன்று இருந்தது. அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"அதை அறுக்க என்னால முடியாது மதினி," என்றான். "இதுக்காக என்னை என்ன வேணாலும் திட்டு. ஆனா அவ ஆஸ்பத்திரிக்கு வரணும். இன்னைக்கே வரணும்."

சாயோவின் முகம் இறுகியது. உள்ளே மறுபடி இருமல். ரத்தத் துணியை அவளும் பார்த்திருந்தாள்தான். அரிவாளை எடுத்துக் கோழியின் இரண்டு காலையும் முட்டியோடு நறுக்கி, ஜன்னல் வழியாக வீசினாள்.

"இந்தக் கால அவ பார்த்தா முடிஞ்சுது கத," என்றாள். "உப்ப எடு."

நியேவெஸ் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டாள். முதல் கரண்டியை ஊதி வாய்க்குக் கொண்டுபோனாள்.

வெளியே, கள்ளிப் புதர்ப் பக்கமிருந்து, பறவை கூவியது. தாயைத் தேடும் நாய்க்குட்டி முனகுவது மாதிரி, மெல்ல மெல்ல இறங்குகிற குரல். அந்தக் கொல்லையில் அப்படிக் கூவுவது ஒன்றே ஒன்றுதான்.

கரண்டி நின்றது. சாயோ தரையைப் பார்த்தாள். பறவை மறுபடி கூவியது, சனியன், இன்னும் நன்றாக.

நியேவெஸ் புருஷனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கரண்டியை வாயில் வைத்தாள். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல், நிதானமாகக் குடித்து முடித்தாள். கிண்ணத்தை அவனிடம் நீட்டிவிட்டுச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"குடிச்சாச்சு. வண்டிய எடு, கிழவா."

லிப்ராதோ சாவியை எடுத்தான். பிக்கப் வண்டியில் அவளைத் தூக்கி உட்கார வைத்தபோது, அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, கோழிக்கூட்ட நல்லா சாத்தி வை. நான் திரும்பி வர்றப்ப இன்னொண்ணு கொறஞ்சிருந்தா, இவன சும்மா விடமாட்டேன்."