கடைசி அடியில் இருந்த பேர்

சாரல் பிடித்த நாலாம் நாள், தென்காசியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய என் மகள் வாசலில் நின்றபடியே, "அம்மா, அச்சாபீஸ் பெரியப்பா போயிட்டாவ" என்றாள். நான் அழவில்லை. "பாட்டுப் புஸ்தகம் இன்னும் மிச்சம் கிடக்கா அங்கன?" என்றுதான் கேட்டேன். அவள் என்னை முறைத்தாள்.

அந்த அச்சாபீஸ் சங்கரலிங்கம் அண்ணாச்சியிடம் அச்செழுத்துக் கோத்தவர்கள் சேர்ந்து நினைவு மலர் போடுகிறார்கள். நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். நல்லதும் உண்டு, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் இறந்தபோது பதினாறாம் நாளுக்கு அழைப்பு அடித்துத் தந்தது அண்ணாச்சிதான். வேலையாட்களை விடாமல் தானே நின்று கோத்தார். வீட்டுக்காரர் பேரைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். "கூட்டாளி பேரு சின்னதா இருக்கக் கூடாது மதினி" என்றார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் குற்றாலச் சாரலைப் பற்றி ஒரு கும்மி கட்டியிருந்தார். ஐந்தருவிக்கு நடக்கும் வழியெல்லாம் அவர் பாடுவார், அண்ணாச்சி தாளம் தட்டுவார். கட்டியவர் பேரைக் கடைசி அடியில் வைத்து முடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதிலும் அப்படி இருந்தது.

அவர் போய் ஒரு வருஷம் ஆகுமுன்னே, பாட்டைப் புத்தகமாகப் போடுகிறேன் என்று அண்ணாச்சி வந்தார். நான் பாடப் பாட எழுதிக்கொண்டார். கடைசி அடி வந்ததும் நிறுத்திவிட்டேன். புருஷன் பேரை வாயால் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. பாட்டில் வந்தாலும் பேர் பேர்தானே. மிச்சம் உங்களுக்கே தெரியுமே என்றேன். தலையாட்டினார்.

சீசனுக்கு அருவிக்கரைக் கடைகளில் புத்தகம் தொங்கியது. அட்டையில் 'பழம்பாட்டு, இயற்றியவர் தெரியவில்லை' என்று இருந்தது. நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அதை ரெண்டு தரம் கூட்டினேன். கடைசி அடியையே காணோம். கேட்கப் போனால், ஒரு தாளை மடித்தால் எட்டுப் பக்கம்தான் வரும், அந்த ஓரடிக்காக இன்னொரு தாளா என்றார். பழம்பாட்டு என்றால்தான் ஜனம் வாங்கும் என்றார். கடைசியாக, "நீங்க பாடினதைத்தான மதினி அடிச்சேன்" என்றார்.

சில வருஷத்தில் வேற்றூர் அச்சாபீஸ்காரர் ஒருவர் அதே பாட்டை அடித்து விற்றார். அண்ணாச்சி வழக்குப் போட்டார். இயற்றியவர் தெரியாத பாட்டுக்கு இவர் எப்படிச் சொந்தம் கொண்டாடலாம் என்று எதிராளி வக்கீல் இவர் புத்தகத்தையே எடுத்துக் காட்டினார். அப்போதுதான் அண்ணாச்சிக்கு என் வீட்டு வாசல் தெரிந்தது. பாட்டு என் வீட்டுக்காரர் கட்டியது, அச்சடிக்க நான்தான் கொடுத்தேன் என்று சாட்சி சொல்ல வேண்டும், அடுத்த பதிப்பில் பேர் வரும் என்றார். அந்தப் பேருக்காகப் போனேன்.

சாட்சிகளை வெளியே நிறுத்தியிருந்தார்கள். உள்ளே அண்ணாச்சி, பாட்டுக் கட்டியவர் தனக்கு அறிமுகமே இல்லை, அதனால்தான் அட்டையில் அப்படிப் போட்டதாகச் சத்தியம் செய்துவிட்டுக் கூண்டை விட்டு இறங்கியிருந்தார். எனக்கு அது தெரியாது. என்னைக் கூண்டில் ஏற்றி, கட்டியது யார் என்று கேட்டார்கள். எங்கள் வீட்டுக்காரர் என்றேன். பேர் கேட்டார்கள். நாக்கு எழவில்லை. ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும்போதுகூடப் பக்கத்தில் நிற்பவர்தான் எனக்காகச் சொல்வது. திரும்பிப் பார்த்தேன்.

"உங்க கூட்டாளி பேரை நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி."

கோர்ட்டே சிரித்தது. அண்ணாச்சி குனிந்து வேட்டிக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்குத் தள்ளுபடியானது.

படியிறங்கும்போது சொன்னார்: "கட்டினவன் செத்து அம்பது வருசம் கழிச்சுத்தான் ஒரு பாட்டை யாரும் அடிக்கலாம்னு சட்டம். நீங்க இன்னைக்கே ஊருக்குக் குடுத்துட்டிய மதினி."

"நான் குடுத்திருந்தா பேரோட போயிருக்கும்லா அண்ணாச்சி" என்றேன். அதோடு எங்களுக்குப் பேச்சு நின்றது. இப்போது கண்ட அச்சாபீஸும் அந்தப் பாட்டை அடிக்கிறது. எல்லா அட்டையிலும் இயற்றியவர் தெரியவில்லை.

அண்ணாச்சியிடமிருந்து என்னிடம் மிஞ்சியவை ரெண்டு. ஒன்று அந்தப் பதினாறாம் நாள் அழைப்பு. மற்றது, நான் பாடியதைத்தான் அடித்தேன் என்று அவர் சொன்ன பேச்சு. அதில் பாதி நிஜம். அதனால்தான் இன்னும் ஆறவில்லை. அழைப்பை மடியில் வைத்துக்கொண்டு, அவர் கோத்ததைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து இங்கே எழுதுகிறேன். கோப்பவர்கள் பக்கம் போதவில்லை என்று இதை வெட்டிவிட வேண்டாம்.

சாரல் கும்மியைக் கட்டியவர் கீழப்பாவூர் பேச்சிமுத்து.