லண்டன்காரர்களைப் படுக்க வைத்த நவராத்திரி

எங்கள் வீட்டுக் கொலுவில் தெய்வங்களுக்குள் இடத் தகராறு வந்ததே இல்லை. தகராறெல்லாம் கீழ்ப் படிகளில், இங்கிலாந்தைச் சேர்ந்த இரண்டு ராக் குழுக்களுக்கு நடுவில்தான்.

அப்பாவும் பெரியப்பாவும் கல்லூரியில் படித்தபோது மயிலாப்பூர் மாட வீதியில் ஆளுக்கொரு கச்சேரி செட் பொம்மை வாங்கி, புது வண்ணம் அடித்து, தங்களுக்குப் பிடித்த குழுக்களாக மாற்றியிருந்தார்கள். அப்பாவுடையது லிவர்பூல் குழு. அதில் நான்கு பேர்தான் என்பதால் கடம் வாசிப்பவருக்கு வேலை போயிற்று. பெரியப்பாவின் லண்டன் குழுவில் ஐந்து பேரும் பிழைத்தார்கள். குடுமி அவிழ்ந்து தோள்வரை முடியாயிற்று, வயலின் கிட்டாராயிற்று. எத்தனை தடவை வண்ணம் அடித்தும் மிருதங்கக்காரர்களின் விபூதிப் பட்டை மட்டும் லேசாகத் தெரியும். எந்தக் குழு பெரியதோ அது ஒரு படி மேலே உட்கார வேண்டும் என்பது அண்ணன் தம்பி ஒப்பந்தம். எது பெரியது என்று வருஷா வருஷம் சண்டை நடக்கும்.

பெரியப்பா மாரடைப்பில் போனார். ஒரு வருஷம் எங்கள் வீட்டில் பண்டிகை இல்லை. வருஷம் திரும்பி மறுபடி கொலு வைத்தபோது காலாண்டு விடுமுறை. பெரியம்மா வேலைக்குப் போக வேண்டியிருந்ததால், அவர்கள் பெண், என் அக்கா, பத்து நாள் தங்க எங்கள் ராஜா அண்ணாமலைபுரம் வீட்டுக்கு வந்தாள். கோட்டூர்புரத்திலிருந்து ஆட்டோவில் வந்தவள், மடியில் ஒரு செருப்புப் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே லண்டன் குழு. அவளுக்குப் பன்னிரண்டு வயது, எனக்குப் பத்து.

பெட்டியைத் திறந்ததுமே ஆரம்பித்துவிட்டாள். "இவாதான் மேல் படியில இருக்கணும், சித்தப்பா."

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "எதனால? எங்க ஆளுங்க பத்து வருஷம்கூட சேர்ந்து இல்லை. அதுக்குள்ள சொந்தமா எழுதி, சொந்தமா பாடி, உலகத்துக்கே வழி போட்டுக் குடுத்துட்டுப் போனா. அப்புறம் வந்தவா எல்லாரும் அதுலதான் நடந்தா."

"வழி போட்டா போறுமா? இவா இன்னும் நடந்துண்டே இருக்காளே! மேடையில வந்து நிக்கறவாதான் பெரியவா."

இப்படித் தினமும் காலையில் காப்பிக்குப் பிறகு ஒரு மணி நேரம். எங்கள் அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. என்னிடம் அவர் பேசியதெல்லாம் "சாப்ட்டியா", "ஹோம்வொர்க் ஆச்சா" என்ற இரண்டு கேள்விகள்தான். அவளிடம் கையை ஆட்டிக் கத்தினார், மேஜையைத் தட்டினார், சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது. நான் லிவர்பூல் கட்சி. அவர்கள் பாட்டு அத்தனையும் மனப்பாடம். அவளோ காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டதெல்லாம் சினிமாப் பாட்டு. லண்டன் குழுவின் ஒரு பாட்டுகூட முழுசாக அவளுக்குத் தெரியாது. பெரியப்பா வருஷா வருஷம் அப்பாவோடு சண்டை போட்டுச் சொன்னதையே அப்படியே ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் நடுவில் புகுந்து, "ஆமாம்ப்பா, லிவர்பூல்தான் பெருசு" என்றேன். "கரெக்ட்" என்று தலையைத் தடவிவிட்டு அவர் மறுபடி அவள் பக்கம் திரும்பிவிட்டார். ஒத்துப்போகிற என்னிடம் பேச அவருக்கு என்ன இருந்தது? அது அப்போது எனக்கு எட்டவில்லை. அப்பா இல்லாத பெண் என்று எல்லோரும் அவளுக்காக உச்சுக் கொட்டினார்கள். என் அப்பாவையே எடுத்துக்கொண்டுவிட்டாளே, அதைக் கேட்பார் யாருமில்லை என்று நான் பொருமினேன்.

விஜயதசமி முடிந்ததும் அம்மா ஒரு பொம்மையை எடுத்துப் படுக்க வைப்பாள். அதோடு கொலு முடிந்தது என்று அர்த்தம். எனக்கு யோசனை அங்கிருந்துதான் வந்தது. ஆறாம் நாள் மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்திருந்தபோது லண்டன்காரர்கள் ஐந்து பேரையும் வரிசையாக மல்லாக்கப் படுக்க வைத்தேன். சம்மணம் போட்ட கால்கள் விட்டத்தைப் பார்த்தன. அவர்கள் கதை முடிந்தால் அவளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள் என்பது என் கணக்கு.

சுண்டல் தாளிக்க எழுந்த அம்மாதான் முதலில் பார்த்தாள். "ஐயையோ, நடுவுல யாருடி படுக்க வெச்சது?"

"ஃபேன் காத்துல விழுந்திருக்கும்" என்றேன்.

"காத்து வந்து வரிசையாப் படுக்க வைக்குமா?"

அக்கா ஓடி வந்தாள். பொம்மைகளைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள். பின்னாலேயே வந்த அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. குனிந்து ஒவ்வொருவராக நிமிர்த்தி, தலையில் கை வைத்துச் சரிபார்த்து, தன் லிவர்பூல் குழுவுக்கு மேல் படியில் கொண்டுபோய் வைத்தார்.

"இவாதான் பெரியவா. நான் ஒத்துக்கறேன்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவளை விரட்டப் போய் அவளுக்கு மேல் படியையே வாங்கிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. மளமளவென்று ஐந்து பொம்மைகளையும் இறக்கிப் பழைய படியிலேயே வைத்தாள்.

"வேண்டாம் சித்தப்பா. நீங்க ஒத்துக்கப்படாது. ஒத்துண்டுட்டா நாளைக்கு என்ன பேசறது?"

கொடுத்த வெற்றியையும் வாங்காமல் மறுபடி சண்டைக்கு இழுக்கிறாளே, என்ன திமிர் என்று நினைத்தேன். அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, "சரி, காலம்பற எதுல விட்டோம்? ஆரம்பி" என்றார்.

அவர் அக்காவோடுதான் பேசிக்கொண்டிருக்கிறார் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.